0.4 ஓமில் படுத்த லப்டொப் எழுந்தது

2013 காலத்து நான்காம் தலைமுறை ஐ5. சார்ஜரைச் செருகினால் சார்ஜர் விளக்கே அணைந்துவிடும். "மதர்போர்ட் போயிட்டுது" என்று ஓரங்கட்டப்பட்டிருந்த லப்டொப். போனது மின்னைச் சேமித்துவைக்கும் சின்னப் பாகமான ஒரேயொரு கப்பாசிற்றர்தான்.

இதற்குக் காசு போடலாமா என்பதை வயதை வைத்து முடிவெடுக்கக்கூடாது, அளந்து முடிவெடுக்க வேண்டும். பற்றரிகளைக் கழற்றிவிட்டு 19 வோல்ற் பிரதான லைனைக் கிரவுண்டோடு அளந்தால் 0.4 ஓம். அதில் 0.2 மீற்றர் வயருடையது. நல்ல போர்டில் கிலோ ஓம் கணக்கில் வரும். சிபியூவுக்கு மின் கொடுக்கும் கொயிலில் சில ஓம் மட்டும் காட்டுவது இயல்பு, அதற்குப் பதற வேண்டாம். பிரதான லைனும் அந்தக் கொயிலும் ஒன்றோடொன்று ஷோர்ட் என்றால்தான் கைவிட வேண்டும்: இரண்டுக்கும் நடுவில் சுவிட்ச்போல வேலை செய்யும் மேல் மொஸ்ஃபெற் உடைந்து 19 வோல்ற் சிபியூவுக்குள் போயிருக்கும், இந்த யூ வகைச் சிபியூ போர்டோடு ஒட்டியது, கழற்றி மாற்ற முடியாது. இங்கே அப்படியில்லை.

அடுத்து, வோல்றையும் அம்பியரையும் மட்டுப்படுத்தக்கூடிய பெஞ்ச் சப்ளையால் அந்த லைனுக்கு மின் கொடுக்க வேண்டும்: 1 வோல்ற், 3 அம்பியர் எல்லை. அதற்குமேல் ஏற்றவே வேண்டாம். ஷோர்ட்டான பாகம் சூடாகும், ஆகவே போர்டில் ஐசோபுரொப்பைல் அல்ககோல் தடவி, எது முதலில் காய்கிறது என்று பார்க்க வேண்டும். முதல் தடவை ஒன்றும் பிடிபடவில்லை. பூச்சு தடிப்பு, மேலே ஃபேன் வேறு சுற்றியது, எல்லா இடமும் ஒன்றாகக் காய்ந்தது. ஃபேனை நிறுத்தி, மெல்லிய தூரிகையால் ஈரம் தெரியுமளவுக்கு மட்டும் பூசியதும் சார்ஜிங் ஐசிக்குப் பக்கத்தில் கடுகளவு இடம் சட்டென்று வெளுத்தது. 99 வீதம்தான் வேண்டும், பார்மசி 70 வீதத்தில் தண்ணீர் அதிகம். கொழும்புக் காற்றில் மூடியைத் திறந்து வைத்தால் 99உம் ஈரம் இழுக்கும். முழுதாகக் காயும்வரை சோல்டரிங் அயனைக் கிட்டக் கொண்டுபோகக்கூடாது, தீப்பிடிக்கும்.

கப்பாசிற்றரைக் கழற்றியதும் லைன் கிலோ ஓமுக்கு ஏறியது. மேலே எழுத்து இல்லாத சாமான் என்பதால் பக்கத்திலிருந்த சோடியைக் கழற்றி அளந்தேன்: 10 மைக்ரோஃபராட். 25 வோல்றுக்குக் குறைந்ததைப் போட்டால் திரும்பவும் ஷோர்ட் ஆகலாம். செத்த போர்டொன்றின் 19 வோல்ற் லைனில் இருந்தே எடுத்தாயிற்று.

இனி பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா: சாட்டா எஸ்எஸ்டி, 8 ஜிபி ராம். ராம் 1.35 வோல்ற் டிடிஆர்3எல்தான், 1.5 வோல்ற் மட்டும் எடுக்கும் ராம் இதில் ஓடாது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது, விண்டோஸ் 11 ஆதரிக்கும் பட்டியலில் இந்தச் சிபியூ இல்லை. ஆகவே இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ற்.

வலது கீலின் திருகாணிகள் பூட்டும் பித்தளைக் குமிழ்கள் பிளாஸ்டிக்கிலிருந்து பிடுங்கி வந்துள்ளன. எபொக்ஸி வைத்து 24 மணி நேரம் இறுக்கிக் கட்டியிருக்கிறது. கீலின் நட்டைக் கால் சுற்றுத் தளர்த்தாமல் மூடியைப் பூட்டினால் அதே இடம் மறுபடி பிடுங்கும்.