சிங்காரத்தை எங்கிருந்து தொடங்குவது?

“இரண்டில் எதை முதலில் எடுக்கட்டும் அண்ணா?”

இன்று புத்தகக் கடையில் அந்தத் தம்பி கேட்டபோது கையில் ப. சிங்காரத்தின் இரண்டு நாவல்களும் இருந்தன. அவர் எழுதிய நாவல்களே அந்த இரண்டுதான்.

தயங்காமல் சொன்னேன்: ‘கடலுக்கு அப்பால்’.

பலரும் ‘புயலிலே ஒரு தோணி’யைத்தான் முதலில் நீட்டுவார்கள். பெரிய படைப்பு அதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் இந்தோனேசியாவின் மெடான் நகரில் ஜப்பானியப் படை நுழையும் தொடக்கத்திலேயே அயல்மொழிச் சொற்கள் வந்து மொய்த்துக்கொள்ளும். நாயகன் பாண்டியனின் நினைவு சொல்லாமல் கொள்ளாமல் மதுரைக்குத் தாவும். நல்ல வாசகர்களே பாதியில் மூடிவைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

‘கடலுக்கு அப்பால்’ கைப்பிடித்து அழைத்துப்போகும். பினாங்கில் ஒரு வட்டிக்கடை. அங்கே வேலை பார்க்கும் செல்லையா. அவன் காதலிக்கும், முதலாளியின் மகள் மரகதம். நேதாஜியின் படையில் துப்பாக்கி ஏந்திவிட்டு வந்தவன் இனிமேல் பெட்டியடிக்கு, அதாவது வட்டிக்கடைத் தொழிலுக்கு, ஆகமாட்டான், அவனுக்கு மகளைக் கொடுக்க முடியாது என்று முதலாளி முடிவு கட்டிவிடுகிறார். அவர் கெட்டவரும் அல்ல. தொழில் தெரிந்தவர், மகள்மீது உயிரையே வைத்திருப்பவர். அதனால்தான் அந்த முடிவு நம்மை இவ்வளவு வதைக்கிறது.

இளவயதில் மெடானுக்குப் போய்ப் போரை நேரில் கண்டவர் சிங்காரம். பிறகு மதுரையில் தினத்தந்தியில் வேலை. முதல் நாவலான ‘கடலுக்கு அப்பால்’ 1959இல் வந்தது, அடுத்தது 1972இல். 1997இல் மறையும்வரை மூன்றாவது வரவில்லை.

அவர் எழுதும் வயதில் இருந்தபோதே நாம் கொண்டாடியிருந்தால் இன்னொன்று எழுதியிருப்பாரோ? அந்த ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை.