தொண்ணூற்றாறை 106 என்று எழுதிய சிறுமி

கொரோனாவால் ஒன்றரை ஆண்டுக்கும் மேலாகப் பூட்டிக் கிடந்த 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதி திறந்தன. அதற்குச் சில நாள் முன்புதான், தன்னார்வலர்கள் மாலையில் ஊருக்குள்ளேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியிருந்தது. எங்கள் கல்வியியல் கல்லூரி மாணவிகள் சிலர் தங்கள் ஊரிலேயே தன்னார்வலர்களாகச் சேர்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி நடத்திய மையத்தைப் பார்க்க ஒரு மாலை போயிருந்தேன். பென்னாகரம் பக்கம் ஒரு சிற்றூர். மாரியம்மன் கோயில் திண்ணை, மேலே ஒரு பல்பு, கீழே பதினைந்து இருபது பிள்ளைகள்.

மாணவி எண்களைச் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் சிலேட்டில் எழுதினார்கள். "தொண்ணூத்தாறு" என்றாள். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி 106 என்று எழுதித் தூக்கிக் காட்டினாள். "தப்பும்மா, அழிச்சிட்டு எழுது" என்று சொல்லிவிட்டு மாணவி அடுத்த எண்ணுக்குப் போய்விட்டாள். நான் அந்தச் சிறுமியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "எப்படிம்மா எழுதின, சொல்லு பார்க்கலாம்" என்றேன்.

"நூத்தாறுன்னுதானே அக்கா சொன்னாங்க?"

அன்று இரவு பேருந்தில் அந்தச் சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் காது பொய் சொல்லவில்லை. அறுபது, எழுபது, எண்பது என்று ஒழுங்காக வந்த வரிசை, தொண்ணூறில் திடீரென்று நூற்றைக் காட்டுகிறது. தொள்ளாயிரத்தில் ஆயிரத்தைக் காட்டுகிறது. மறுநாள் தமிழ் கற்பித்தல் நடத்தும் நண்பரிடம் சொன்னேன். ஒன்பதோடு பத்து சேர்ந்து தொண்ணூறு ஆவதற்குத் தொல்காப்பியமும் நன்னூலும் தனியே விதி சொல்லியிருப்பதை எடுத்துக் காட்டினார். இலக்கணமே நின்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்த இடத்தில் எட்டு வயதுப் பிள்ளை தடுக்கி விழுந்திருக்கிறாள். நாங்கள் அதற்குப் பெருக்கல் குறி போட்டுவிட்டு நகர்ந்திருக்கிறோம்.

எங்கள் பணியை ஆண்டறிக்கையில் மூன்று தலைப்புகளில் எழுதுவார்கள்: கற்பித்தல், ஆய்வு, கல்லூரிக்கு வெளியே ஊருக்குள் செய்யும் விரிவாக்கப் பணி. மூன்றுக்கும் மூன்று கோப்புகள். பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் வேலை பார்த்தேன். காலையில் நுண்ணிலைக் கற்பித்தல்: ஐந்தாறு நிமிடத்தில் பாடம் தொடங்கும் திறன், வினா கேட்கும் திறன், வலுவூட்டும் திறன் என்று ஒவ்வொன்றாகப் பழக்குவேன். மதியம் எம்.எட். மாணவர்களின் ஆய்வேடு. ஆசிரியர்களின் மனப்பான்மை, மாணவர்களின் அடைவூக்கம் என்று ஏதோ ஒரு தலைப்பு, ஒரு வினாநிரல், ஆண் பெண், நகரம் கிராமம் என்று பிரித்து இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் ஒரு டி-சோதனை. கருப்பு அட்டை போட்டுக் கட்டிய அந்த ஆய்வேடுகள் நூலக அலமாரியை நிறைத்திருக்கின்றன. அந்த மாணவர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவற்றில் எத்தனையில் ஒரு குழந்தையின் குரல் கேட்கிறது என்று கேட்டால் எனக்கு மனம் கனத்துவிடும்.

106 எனக்கு ஒரு வாசலைத் திறந்தது. எங்கள் பக்கத்தில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள் உண்டு. தெலுங்கில் தொம்பை, கன்னடத்தில் தொம்பத்து. இரண்டிலும் நூறு ஒளிந்திருக்கவில்லை. அப்படியானால் அந்தப் பிள்ளைகள் தமிழில் இந்த எண்ணை எழுதும்போது என்ன செய்கிறார்கள்? எம்.எட். மாணவி ஒருத்தி இதைத் தன் தலைப்பாக எடுத்துக்கொண்டாள். வினாநிரல் எதுவும் இல்லை. ஒரு பென்சில், ஒரு தாள், பக்கத்தில் உட்கார்ந்து "எப்படி எழுதின?" என்ற ஒரே கேள்வி. அதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் காத்திருக்கத்தான் அவளுக்கு நிறையப் பயிற்சி தேவைப்பட்டது. குழந்தை யோசிக்கும் நேரத்தில் வாய் திறக்காமல் இருப்பதை நாங்கள் எந்தத் திறனிலும் சேர்த்துப் பழக்கியதில்லை.

நூற்றிருபத்தைந்தை 10025 என்று எழுதும் பிள்ளைகளை எல்லா ஆசிரியர்களும் பார்த்திருப்பார்கள். காதில் விழும் வரிசைப்படி நூறு, பிறகு இருபத்தைந்து. இதற்கு எங்கள் மாணவிகள் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி அட்டை செய்தார்கள். 100 எழுதியது மூன்று விரற்கடை நீளம், 20 எழுதியது இரண்டு, 5 எழுதியது ஒன்று. நூறின் மேல் இருபதை வலது ஓரம் சேர்த்து வைக்க வேண்டும், அதன் மேல் ஐந்தை. சுழியங்கள் அடியில் மறைந்து 125 மட்டும் தெரியும். கோயில் திண்ணையில் ஒரு பையன் மேலட்டைகளைத் தூக்கி, மறைந்திருந்த சுழியங்களை எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி மூடினான். ஏழெட்டு முறை அப்படியே செய்தான். அவனாகவே நிறுத்தும் வரை யாரும் தடுக்கவில்லை.

2015-16 முதல் பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பானது. முன்பு நாற்பது நாளில் முடிந்த கற்பித்தல் பயிற்சிக்கு இப்போது இரண்டாம் ஆண்டில் மட்டும் பதினாறு வாரம் கிடைக்கிறது. வீட்டுச் சுமையோடும் பேருந்துச் செலவோடும் படிக்கும் பெண்களுக்கு அந்தக் கூடுதல் ஆண்டு எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பதினாறு வாரம் பெரிய காலம். அதை முழுக்கப் பாடத்திட்டக் குறிப்பு எழுதுவதிலும் சார்ட்டுக்குப் பார்டர் போடுவதிலும் செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு கொடுத்து, தினம் ஒரு பிழையையாவது குழந்தை சொன்ன காரணத்தோடு, அதன் சொற்களிலேயே எழுதி வரச் சொன்னேன்.

செய்முறைத் தேர்வின்போது ஒரு மாணவி மற்ற ரெக்கார்டுகளோடு அந்த நோட்டையும் வைத்திருந்தாள். வெளித்தேர்வாளர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதற்கு எந்தத் தலைப்பில் மதிப்பெண் போடுவது?" என்று கேட்டு ஓரமாக வைத்துவிட்டார். விதியில் அதற்கு இடமில்லை. அவள் முகம் வாடியதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. தேர்வு முடிந்ததும் அந்த நோட்டை அவளிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இப்போது அது என் மேசையில் இருக்கிறது. வரும் திங்கட்கிழமை புதிய அணி பள்ளிகளுக்குப் புறப்படுகிறது. முதல் பக்கத்தில் அவள் பச்சை மையில் எழுதியிருப்பதை அவர்களுக்கு வாசித்துக் காட்டப்போகிறேன்: "எட்டிலிருந்து எட்டு போனால் ஏன் எட்டே மிச்சம் என்று எழுதினாய் எனக் கேட்டேன். 'ஒண்ணுமில்லேன்னா எழுதுறதுக்கு எதுவுமே இருக்காதே மிஸ்' என்றான்."