பியூர் டேட்டாவில் ஸ்லைடரின் வளைவை நடுப்புள்ளியால் பிடிப்பது

பெட்டிகளை இணைத்து ஒலி நிரல் எழுதும் மென்பொருளான பியூர் டேட்டாவில், ஸ்லைடரின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து 'லின்' (நேர்கோடு) என்பதை 'லாக்' (மடக்கை வளைவு) ஆக்கினால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறைய. ஃபில்டரின் அதிர்வெண்ணுக்கு அது ஓரளவு சரிதான். 20 முதல் 20000 ஹெர்ட்ஸ் வரை நேர்கோட்டில் போனால் ஸ்லைடரின் நடுவில் 10010 வரும், லாக்கில் 632.

பூஜ்யம் வந்தால்தான் தகராறு. வால்யூமுக்கு 0 முதல் 1 வரை லாக் கேட்டால், பியூர் டேட்டா கீழ் எல்லையைத் தானாகவே 0.01 ஆக்கிவிடும். அது −40 டெசிபல். ஸ்லைடரை முழுக்க இறக்கியும் ஒலி மெலிதாகக் கசிவது இதனால்தான். தவிர, எவ்வளவு வளைய வேண்டும் என்பதும் உங்கள் கையில் இல்லை. இரண்டு எல்லைகளே அதைத் தீர்மானித்துவிடுகின்றன.

ஆகவே ஸ்லைடரை 0 முதல் 1 வரை, 'லின்' ஆகவே விட்டுவிட்டு, வளைவை எக்ஸ்பர் (சூத்திரத்தைக் கணக்கிடும் பெட்டி) ஆப்ஜெக்டில் எழுதுங்கள். (லாக் ஸ்லைடரையும் வைத்துக் கீழே இதையும் சேர்த்தால் இரட்டை வளைவு. அடிக்கடி நடக்கும் கோளாறு இது.)

விளைவு = (அடி^உள் − 1) ÷ (அடி − 1)

'உள்' என்பது ஸ்லைடர் தரும் எண்; ^ என்பது அடுக்கு. உள் 0 என்றால் விளைவு சரியாக 0. உள் 1 என்றால் 1. வளைவின் அளவு 'அடி'யில் இருக்கிறது. ஆனால் 'அடி 81' என்று சொன்னால் யாருக்கு என்ன புரியும்? ஸ்லைடர் நடுவில் இருக்கும்போது என்ன வர வேண்டும் என்று கேட்பதே மேல். அந்த நடுமதிப்பிலிருந்து அடியைக் கணக்கிடலாம்:

அடி = (1 ÷ நடு − 1)²

அட்டாக் நேரம் (ஒலி தொடங்கி உச்சத்தை எட்டும் நேரம்) 0 முதல் 5000 மில்லிசெகண்ட், நடுவில் 500 வேண்டும் என்று வையுங்கள். நடு 500 ÷ 5000 = 0.1, அடி 81. விளைவை 5000-ஆல் பெருக்கினால் கால் பங்கில் 125, முக்கால் பங்கில் 1625 மில்லிசெகண்ட் கிடைக்கும். 128 படிகள் உள்ள ஸ்லைடரில் முதல் படி சுமார் 2.2 மில்லிசெகண்ட், கடைசிப் படி சுமார் 172. இதே நடுப்புள்ளிக்கு வெறும் அடுக்கு வளைவைப் (உள்^3.32) போட்டால் கால் பங்கில் 50தான் வரும், முதல் சில படிகளில் ஒன்றுமே நகராததுபோல் இருக்கும். அட்டாக்குக்கு எனக்கு அது பிடிப்பதில்லை.

கீழ் எல்லை பூஜ்யம் இல்லையென்றால் நடு = (நடுவில் வேண்டியது − கீழ்) ÷ (மேல் − கீழ்). ஃபில்டரில் 632.46 கொடுத்தால் அடி 1000 வரும். அது பழைய லாக் வளைவேதான். நடுவில் 1000 ஹெர்ட்ஸ் வேண்டுமானால் அடி சுமார் 376. நடு 0.5-ஐத் தாண்டினால் அடி 1-க்குக் கீழே போய், வளைவு எதிர்ப்பக்கம் வளையும்.

நடு சரியாக 0.5 ஆனால் அடி 1; பூஜ்யத்தால் வகுக்க வேண்டிவரும். 0.499-க்கும் 0.501-க்கும் இடையில் எது வந்தாலும் 0.499 ஆக்கிவிடுங்கள், காதுக்கு அது நேர்கோடுதான். அதோடு நடுவை 0.02 முதல் 0.98 வரைக்குள் கிளிப் செய்யுங்கள், அதாவது அந்த எல்லைகளைத் தாண்டவிடாதீர்கள்.

எக்ஸ்பரில் உள்வரும் எண்ணைக் குறிக்க டாலர்-ஐ ($i, முழு எண்) போடாதீர்கள், டாலர்-எஃப் ($f, தசம எண்) போடுங்கள். டாலர்-ஐ தசமத்தை வெட்டிவிடுவதால் ஸ்லைடர் உச்சி தொடும்வரை 0 மட்டுமே வரும். இன்னொன்று: எக்ஸ்பரின் இடது இன்லெட் (உள்வாய்) மட்டுமே கணக்கை ஓட்டும். நடுவை மாற்றியதும் விளைவும் மாற வேண்டுமானால், அடியை ட்ரிக்கர் (வரிசைப்படி அனுப்பும் பெட்டி) வழியாக அனுப்புங்கள்: முதலில் எண் வலது இன்லெட்டுக்கு, பிறகு பேங் ('இப்போது கணக்கிடு' என்ற செய்தி) இடதுக்கு.

ஃபில்டரை நகர்த்தும்போது படிப்படியாகக் கேட்கும். 20–20000 லாக்கில் ஒரு படியே கிட்டத்தட்ட ஒரு அரைச்சுரம். லைன்-டில்டேயில் (line~, மதிப்பைச் சீராக நகர்த்தும் பெட்டி) 20 மில்லிசெகண்ட் கொடுத்து மாற்றத்தை மென்மையாக்குங்கள். அதை வளைவுக்கு முன்பே வைத்து, வளைவை எக்ஸ்பர்-டில்டேயில் (expr~, எக்ஸ்பரின் ஒலிச் சமிக்ஞை வடிவம்) எழுதுவது நல்லது. பின்னால் வைத்தால் படிகளுக்கு இடையே ஹெர்ட்ஸ் நேர்கோட்டில் ஓடும்; பெரிய தாவல்களில் அது காதில் படும்.

ப்ரீசெட்டை (சேமித்துவைத்த அமைப்பை) திரும்ப ஏற்றும்போது ஸ்லைடரும் சரியான இடத்துக்கு நகர வேண்டுமே. அதற்குத் தலைகீழ்ச் சூத்திரம்:

உள் = லாக்(1 + விளைவு × (அடி − 1)) ÷ லாக்(அடி)

எந்த லாக்கானாலும் சரி, மேலும் கீழும் ஒன்றாக இருந்தால் போதும். விடையை 'செட்' மெசேஜாக ஸ்லைடருக்கு அனுப்புங்கள். வெறும் எண்ணாக அனுப்பினால் ஸ்லைடர் அதைத் திரும்ப வெளியே தள்ளும்; அது மீண்டும் ஸ்லைடருக்கே வந்து சேர்ந்தால் பேட்ச் (நீங்கள் இணைத்த நிரல்) முடிவில்லாமல் சுற்றத் தொடங்கிவிடும்.