புளியங்கொட்டை டப்பாவும் 3 விநாடியும்

ஆசிரியர் தன் வகுப்பில் உள்ள ஒரு சிக்கலைத் தானே ஆராய்ந்து, மாற்றிப் பார்த்து, அறிக்கை எழுதுவதுதான் செயலாராய்ச்சி. ஆனால் எங்களில் பல ஆசிரியர்களுக்கு அது, போன வருட அறிக்கையில் தலைப்பை மாற்றிக் கொடுக்கும் வேலை. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளி எங்களுடையது. 1 முதல் 3 வரையுள்ள வகுப்புகள் என் பொறுப்பு. அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமான அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022-இல் வந்ததிலிருந்து 22 பிள்ளைகளும் ஒரே அறையில், கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று குழுவாக உட்காருகிறார்கள். பாட்டும் கைதட்டலுமாக அறை கலகலப்பாகத்தான் இருக்கும். ஆனால் பாட்டு முடிந்து கேள்வி கேட்டால் பாதிப் பேர் தரையைப் பார்ப்பார்கள். ‘தொடக்கநிலை மாணவர்களின் ஆர்வமின்மையைப் போக்குதல்’ என்று முன்மொழிவு எழுதி ஆசிரியர் பயிற்சி நிறுவனத்துக்குக் கொண்டுபோனேன். விரிவுரையாளர் அம்மா படித்துவிட்டு, “ஆர்வம் இல்லேன்னு எதை வச்சுச் சொல்றீங்க? எண்ண முடியிற மாதிரி ஒண்ணு சொல்லுங்க” என்றார். எரிச்சலாக இருந்தது. ஆனால் கேள்வி நியாயம்தான். கடைசியில், பாடவேளையில் யார் யார் எத்தனை முறை வாய் திறக்கிறார்கள் என்பதை மட்டும் எண்ணுவது என்று முடிவானது.

எண்ணுவதற்கு நான் கண்டுபிடித்த முறை படுதோல்வி. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பேப்பர் கப், பதில் சொன்னால் அதில் ஒரு புளியங்கொட்டை. இரண்டாம் நாளே பயல்கள் விஷயத்தைப் பிடித்துவிட்டார்கள். கேள்வியை முடிப்பதற்குள் “டீச்சர், டீச்சர்” என்று ஒரே கூச்சல். ஒருவன் என்ன கேட்டாலும் “யானை” என்றான். கொட்டையைச் சம்பாதித்தார்கள், பேசவில்லை. ஒரு வாரத் தரவு குப்பைக்குப் போனது.

தலைமையாசிரியர் வந்து உட்கார்ந்து குறித்துத் தரலாம்தான். அவருக்குக் கூட்டமும் எமிஸ் இணையதளத்தில் பள்ளி விவரங்களைப் பதிவதும் போக நேரம் எங்கே? சரி என்று பெற்றோரிடம் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு, கைபேசியில் ஒலிப்பதிவைப் போட்டு மேசைமேல் வைத்தேன். ராத்திரி சமையல் முடித்துவிட்டு ஒரு கட்ட நோட்டோடு உட்கார்ந்து கேட்டேன்.

கேட்டதும் வெட்கமாகிவிட்டது. “ஆடு என்ன சாப்பிடும்?” என்று கேட்கிறேன். மூச்சுகூட விடாமல் “புல்லு, இலை... அப்புறம்?” என்று நானே சொல்கிறேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டதெல்லாம் முன்வரிசையில் அதே ஐந்து பேரை. ஒரு வாரப் பதிவில் ஒன்பது பிள்ளைகளின் குரலே இல்லை.

விரிவுரையாளரிடம் சொன்னபோது சிரித்தார். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களிலேயே இதை அளந்திருக்கிறாராம்: கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் காத்திருப்பது சராசரியாக 1 விநாடி. அதை 3 விநாடியாக்கினால் பதில் நீளமாகிறது, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள். ஆக, நான் மாற்ற வேண்டியது பிள்ளைகளை அல்ல. தலைப்பை மறுபடி திருத்தினோம்.

3 விநாடி சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று நின்று பார்த்தால்தான் தெரியும். மனசுக்குள் ‘அம்மிக்கல், ஆட்டுக்கல், குழவிக்கல்’ என்று சொல்லிக்கொள்வேன். முதல் சில நாள் முன்வரிசைக்காரர்கள்தான் அந்த இடைவெளியையும் நிரப்பினார்கள். அப்புறம், கை தூக்கினாலும் நான் கூப்பிட்டால்தான் பேச வேண்டும் என்று வைத்தேன். மூன்றாவது வாரம் அதே ஆட்டுக் கேள்வியை மறுபடி கேட்டுவிட்டு நின்றேன். குழவிக்கல்லும் தாண்டியது. சன்னலோரம், அதுவரை என் நோட்டில் ஒரு கோடுகூட விழாத பெண் பிள்ளை மெதுவாகக் கை தூக்கினாள். “எங்க ஆடு கருவக்காய் திங்கும் டீச்சர். கொட்டை மட்டும் புழுக்கையோட வந்துரும்” என்றாள். அறையே திரும்பிப் பார்த்தது. “அந்தக் கொட்டை முளைக்குமா?” என்று பக்கத்துப் பையன் கேட்டான். அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை. அவளே சொன்னாள்.

ஆறு வார முடிவில் குரலே கேட்காதவர்கள் இரண்டு பேராகக் குறைந்தார்கள். அந்த இருவருக்கு என்ன செய்வது என்று இன்னும் பிடிபடவில்லை. அறிக்கையில் அதையும் அப்படியே எழுதினேன். முன்தேர்வு, பின்தேர்வு, கருதுகோள் என்று ஐந்து இயல்களும் எழுதியாயிற்று. மாற்றம் தற்செயலா இல்லையா என்று கணக்குப் போட்டுப் பார்க்கும் டி-சோதனையை வெறும் 22 பேருக்குப் போட்டதுதான் எனக்கே வேடிக்கையாக இருந்தது. கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகன் எக்செல்லில் போட்டுத் தந்தான்.

புளியங்கொட்டை டப்பாவைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் வராந்தாவில் பல்லாங்குழி நடக்கிறது.