காரி ஆற்றில் அறுந்த பட்டை

குஜராத்தின் கட்ச் பகுதியில் இருக்கும் புஜ் நகரத்துக்குப் போகிறவர்களில் பலர் வெள்ளை ரண் என்னும் உப்புப் பாலைவனத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நான் போனது காரி ஆற்றுக்காக. ஜனவரி மாதம், தண்ணீர் அங்கங்கே குட்டையாகத்தான் நின்றது. அதுவும் நல்லதாகப் போயிற்று. பாறையைத் தொட்டுப் பார்க்க முடிந்தது.

இரண்டு கரையிலும் ஆளுயரத்துக்கு மேல் மணற்பாறைச் சுவர். கருஞ்சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று பட்டை பட்டையாக அடுக்கு. பத்து கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, டைனோசர்கள் திரிந்த காலத்து மணல். அடியில் இருப்பது மூத்தது, மேலே இருப்பது இளையது. ஒரே பட்டைக்குள் மெல்லிய கோடுகள் சாய்ந்து ஓடுகின்றன. அன்று ஓடிய தண்ணீர் மணலை எந்தப் பக்கம் தள்ளிப் போட்டதோ அந்தப் பக்கம்தான் அந்தச் சாய்வு. நம் ஊர் ஆற்று மணலைக் குறுக்கே வெட்டினாலும் இதைப் பார்க்கலாம்.

கொஞ்ச தூரம் நடந்ததும் ஒரு சிவப்புப் பட்டை சட்டென்று அறுந்து நின்றது. அதன் மறுபாதி ஒரு சாண் கீழே இருந்தது. இடையில் நகக்கீறல் போல ஒரு கோடு. அதில் விரலை வைத்தபடி வெகுநேரம் நின்றேன். வெறும் விரிசல் என்றால் இரண்டு பக்கத்துப் பட்டைகளும் நேராகப் பொருந்தும். ஒரு பக்கம் நகர்ந்திருந்தால்தான் அது பிளவுப் பெயர்ச்சி. இது பிடிபட்டுவிட்டால் கட்ச் முழுவதுமே புரிய ஆரம்பிக்கும்.

கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் உடைந்தபோது இந்த நிலம் இழுபட்டு, கிழக்கு மேற்காகப் பெரும் பிளவுகள் விழுந்து, நடுப்பகுதி இறங்கியது. அந்தப் பள்ளத்தில் சேர்ந்த மணல்தான் நான் தொட்டது. அப்புறம் இந்தியாவைச் சுமக்கும் நிலத்தட்டு வடக்கே போய் ஆசியாவை முட்டியது. அன்று இழுபட்ட அதே பிளவுகள் இன்று நெருக்குப்படுகின்றன. சரிந்து இறங்கிய பக்கம் மேலே ஏறப் பார்க்கிறது. உராய்வு பிடித்து வைத்திருக்கும்வரை பாறை வில்லாக வளைந்து விசையைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். பிடி விட்டால் நிலநடுக்கம்.

1819 ஜூன் 16 அன்று அப்படி விட்டது. ரண்ணில் சுமார் 80 கிலோமீட்டர் நீளத்துக்குத் தரை மேடாக எழுந்தது, சில இடங்களில் 6 மீட்டர் வரை. மனிதர் யாரும் கட்டாத அந்தக் கரைக்கு மக்கள் வைத்த பெயர் ‘அல்லா பந்த்’, கடவுள் போட்ட அணை. அதற்குத் தெற்கே சிந்த்ரி கோட்டை தண்ணீருக்குள் போனது.

2001 நிலநடுக்கத்தில் அப்படி எந்த அடையாளமும் இல்லை. ஜனவரி 26, காலை 8.46. அளவு 7.7. உடைந்த பிளவு தரையைக் கிழித்து மேலே வரவே இல்லை. பின்னால் வந்த சின்னச் சின்ன அதிர்வுகளை வைத்துத்தான் ஆழத்தில் அது எப்படிச் சாய்ந்து கிடக்கிறது என்று கண்டுபிடித்தார்கள்.

என்னைக் கூட்டிப் போன ஆட்டோக்காரருக்கு அப்போது எட்டு வயது. குடியரசு தினக் கொடியேற்றத்துக்காகப் பள்ளி மைதானத்தில் நின்றிருந்தார். “முதலில் சத்தம்தான் வந்தது பாய், லாரி வருகிறது என்று நினைத்தோம்” என்றார். பாட்டி வீட்டுக்குள் இருந்திருக்கிறார்.

திரும்பும் வழியில், நான் கேட்காமலேயே, புஜியா குன்றின் ஸ்மிருதிவனத்துக்கு வண்டியைத் திருப்பினார். 2022இல் திறந்த நினைவிடம். இறந்தவர்களில் 12,932 பேரின் பெயர்ப் பலகைகள் அங்கே இருக்கின்றன. அத்தனைக்கு நடுவில் தேடாமல், நேராக ஒன்றின் முன்னால் போய் நின்றார். தோளில் கிடந்த துண்டால் தூசியைத் துடைத்துவிட்டு, பாட்டியின் பெயரை எனக்கு வாசித்துக் காட்டினார்.