28 சீட்டாட்டத்துக்கு எக்செல்ல ‘ஒண்ணாவது’ கணக்கு: ஒருவழியா ஓடுது

ஒரு கட்டுல இருந்து இத்தனை கார்டு எடுத்தா நாம தேடற கார்டு எத்தனை வரும்ங்கற வாய்ப்பைச் சொல்ற எக்செல் ஃபங்ஷன் ஹைப்ஜியோம்.டிஸ்ட் (HYPGEOM.DIST), அதை ஒருவழியா நமக்கு வேண்டிய மாதிரி வளைச்சாச்சு, எந்த நம்பர் குடுத்தாலும் எரர் அடிக்காம விடை வருது, சந்தோசம் தாங்கல.

எங்க செங்கோட்டை 1956 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சில இருந்த ஊரு, அதனால இங்க சீட்டுன்னா கேரளாக்காரங்க ஆடற 28தான். 32 கார்டு, முதல் நாலு கார்டு கையில வந்ததுமே எத்தனை பாயின்ட் எடுப்போம்னு ஏலம் மாதிரி கேட்டாகணும். சித்தப்பா எப்பவும் கேக்கறது ஒண்ணுதான், “என்ட்ட ஒரு ஜாக்கி இருக்கு, பார்ட்னர்ட்ட ஒண்ணாவது இருக்குமாடே?”

இந்த ‘ஒண்ணாவது’தான் வில்லங்கம். கடைசி ஆர்க்யுமென்ட்ல ட்ரூ குடுத்தா அது ‘இத்தனை வரைக்கும்’னு கூட்டித் தரும், ‘இத்தனைக்குக் குறையாம’ வேணும்னா ஒண்ணு கம்மியா குடுத்து 1ல இருந்து கழிக்கணும், இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆனா அந்த ஒண்ணு கம்மி பண்ற இடத்துலதான் #NUM! எரர் வந்து நிக்குது. மைனஸ் போனா எரர், அது கூட பரவால்ல. கடைசில மூணு பேர் கையில மூணு மூணா 9 கார்டு, அதுல 7 துருப்புன்னு வைங்க. துருப்பு இல்லாதது ரெண்டே ரெண்டு, அப்ப யார் கையிலயும் ஒரு துருப்பாவது இருந்தே தீரணும், விடை 1. ஆனா உள்ள 0 போகுது, 0 துருப்புக்கு வாய்ப்பே இல்லன்னா 0ன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே, அதுக்கும் எரர்! இத மட்டும் மைக்ரோசாஃப்ட் ஏன் இப்படி வச்சாங்கன்னு எனக்கு இன்னும் ஆத்தாமையா இருக்கு.

அதனால லாம்ப்டால (எக்செல்ல நாமளே ஃபங்ஷன் கட்டிக்கற வசதி) சொந்தமா ஒண்ணு எழுதி நேம் மேனேஜர்ல போட்டுட்டேன். எடுக்கற கார்டுல இருந்து துருப்பில்லாத கார்டைக் கழிச்சா வர்றதுதான் கீழ் எல்லை (மைனஸ் வந்தா 0), கேக்கற நம்பர் அதைத் தாண்டாம இருந்தா 1, மேல் எல்லையத் (எடுக்கற கார்டு, மொத்த துருப்பு, இந்த ரெண்டுல சின்னது) தாண்டினா 0, மத்ததுக்கு மட்டும் ஹைப்ஜியோம கூப்பிடு. அவ்ளோதான், கல்லு மாதிரி நிக்குது.

கையாலயும் சரிபார்த்தேன். முதல் நாலு கார்டு 35960 விதமா வரலாம், ஜாக்கி இல்லாதது 20475, ஒண்ணு 13104, ரெண்டு 2268, மூணு 112, நாலும் 1. கூட்டினா அச்சா வருது. அப்ப ஒரு ஜாக்கியாவது வர்றது 43.06%. சித்தப்பா கேள்விக்கு, மிச்சம் 28 கார்டுல 3 ஜாக்கி, பார்ட்னரோட முதல் நாலுல 38.2%, முழு எட்டுலயும் பாத்தா 65.2%. “அப்ப தைரியமா ஏத்திக் கேக்கலாம்லே”ன்னாரு.

இன்னொரு விசயம், ஹைப்ஜியோம்ல ரெண்டாவது மூணாவது ஆர்க்யுமென்ட்ட (எடுக்கற கார்டு, கட்டுல இருக்கற மொத்த துருப்பு) மாத்திப் போட்டாலும் விடை மாறாது, போட்டுப் பாருங்க, அழகா இருக்கும்.

அடுத்து 28 மாதிரியே இன்னொரு சீட்டாட்டமான 56. ஆறு பேரு, 48 கார்டு, அதுக்கு ஒரே முதுகு டிசைன்ல ரெண்டு கட்டு வேணும், இங்க பஜார்ல கிடைக்கல, புனலூர் போற ஆள்ட்ட சொல்லி விட்டிருக்கேன், பிளாஸ்டிக்கா இருந்தா நல்லது, பேப்பர் கட்டு சீக்கிரம் நைஞ்சிருது. ஜாக்கியும் ஒன்பதும் சேர்ந்து வர்ற கணக்குக்கு எக்செல்ல ரெடிமேட் ஃபங்ஷன் இல்ல, காம்பின (COMBIN, எத்தனை விதமா எடுக்கலாம்னு எண்ற ஃபங்ஷன்) வச்சு பெருக்கித்தான் கட்டணும், பாதி எழுதிட்டேன்.