பூண்டு 100 கிராம்

நேற்று ராத்திரி ஒன்பதரைக்குச் சின்னவன் போன் செய்தான். அவன் கூப்பிட்டாலே ரீசார்ஜ் விஷயமாகத்தான் இருக்கும். நேற்று அதிசயமாக, "அண்ணே, பைத்தான்ல பில்லிங் சாஃப்ட்வேர் எப்படிண்ணே பண்றது?" என்றான். பைத்தான் என்பது புரோகிராம் எழுதுகிற ஒரு கம்ப்யூட்டர் மொழி. இரண்டாவது தோசையில் கை வைத்திருந்தேன். கல்யாணம் எப்படிண்ணே பண்றது என்று கேட்டிருந்தால்கூட இதைவிடச் சுருக்கமாகப் பதில் சொல்லியிருப்பேன்.

சித்தப்பா கடைக்கா? ஆமா. பார்கோடு, ஜிஎஸ்டி எல்லாம் வேணுமா? "இப்ப வேண்டாம்ணே." பிரிண்டர்? "இல்லண்ணே." பின்னே எதுதான்டா வேணும்? "பெருக்கல் வரணும்." வருமே. "வரலைண்ணே." இந்த "வரலைண்ணே"வுக்கு வந்து சேர நாற்பது நிமிஷம். அதற்குள் மூன்றாவது தோசை அப்பளமாகிவிட்டது, அடுப்படியில் பாத்திரங்கள் என்னைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டன.

பயல் மூன்று நாளாக ஒரே வரியில் மாட்டிக்கொண்டிருக்கிறான். தக்காளி கிலோ 50 ரூபாய், 3 கிலோ, பில் 505050 ரூபாய்! இன்புட் வழியாக எதைக் கொடுத்தாலும் பைத்தானுக்கு அது எழுத்துதான், எண் இல்லை. இவன் கிலோவுக்கு மட்டும் இண்ட் போட்டு எண்ணாக மாற்றிவிட்டு விலையை அப்படியே விட்டிருக்கிறான். அது 50-ஐ மூன்று தரம் ஒட்டி எழுதிக் காட்டியிருக்கிறது, இம்போசிஷன் மாதிரி.

"இதை முதல்லயே கேக்குறதுக்கு என்னடா?"

"ரொம்பச் சின்ன விஷயமா இருக்கேன்னு வெக்கமா இருந்துச்சுண்ணே."

அதனால் மொத்த சாஃப்ட்வேரையும் கேட்டிருக்கிறான்.

அப்புறம் அரை மணி நேரம் உபதேசம் செய்தேன். என்ன எழுதினாய், என்ன வரும் என்று நினைத்தாய், என்ன வந்தது, இந்த மூன்றையும் சொல்லாமல் இனி எனக்குப் போன் செய்யாதே.

இன்று காலை ஆறு மணிக்குப் போன். "அண்ணே, பூண்டு 100 கிராம், அப்புறம் இன்னொரு 200 கிராம். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினேன். 0.3 வரும்னு நினைச்சேன். 0.30000000000000004 வந்துச்சு."

கேள்வி என்றால் இதுவல்லவா கேள்வி, ஊசி நுழைய இடமில்லை. பதில்தான் வீடு கொள்ளாது. பல்கூடத் துலக்காமல் ஆரம்பித்தேன். மூன்றில் ஒன்றை 0.333 என்று முடிவில்லாமல் எழுதுகிறோம் இல்லையா, அதுபோலப் பத்தில் ஒன்றை, பூஜ்யமும் ஒன்றும் மட்டுமே உள்ள பைனரியில் எழுதினால் முடியவே முடியாது, கம்ப்யூட்டர் ஓரிடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும், எப்படி வெட்டுவது என்று 1985-இல் ஐட்ரிபிள்ஈ 754 என்று ஒரு விதிமுறையே கொண்டுவந்தார்கள் என்று நான் போய்க்கொண்டே இருக்க, அந்தப் பக்கம் ஷட்டர் தூக்குகிற சத்தம், பின்னாலேயே சித்தப்பா குரல்.

"காலங்காத்தால அவன் என்னடா ஓதிக்கிட்டிருக்கான்? 100 கிராம்னா 100-னு போட வேண்டியதுதானே? எவன்டா கடைக்கு வந்து புள்ளி ஒண்ணு கிலோ பூண்டு கேக்குறான்?"

ஆபீஸில் நாங்களும் பணத்தைப் பைசாக் கணக்கில் முழு எண்ணாகத்தான் வைத்திருக்கிறோம். அதை அவரிடம் நான் சொல்லவில்லை.